வாட்ஸ்அப்பில் வெண்பா: குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு

கவிதை எழுதி நாலு பேரிடம் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் படிப்பவர்களுக்குத்தான். ஃபேஸ்புக்கில் எட்டு வரி போட்டால் பத்து நிமிடத்தில் இரண்டு "அருமை", ஒரு "சிறப்பு", கைகூப்பு, ரோஜாப்பூ எல்லாம் வந்து விழும். எந்த வரி நின்றது, எது சரிந்தது என்பது மட்டும் வராது. பூப்போட்டவரும் பாவம், பதிலுக்கு நீங்கள் அவர் பக்கம் போய்ப் பூப்போட வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் போட்டிருப்பார்.

அதனால் புதியவர்களுக்கு என் யோசனை: முதலில் ஒரு வெண்பாக் குழுவில் சேருங்கள். வெண்பா என்பது அசையும் சீரும் எண்ணி எழுதும் மரபுக் கவிதை. பிற்பாடு புதுக்கவிதைதான் எழுதப்போகிறீர்கள் என்றாலும் சில மாதங்களாவது அங்கே இருங்கள். பழமைப் பற்றில் இதைச் சொல்லவில்லை. வெண்பாவில் ஒருவர் "மூன்றாம் சீரில் தளை தட்டுகிறது" என்று, அதாவது சீரும் சீரும் விதிப்படி சேரவில்லை என்று சொன்னால் அதில் ரசனைச் சண்டைக்கு இடமில்லை. எண்ணிப் பார்த்தால் தட்டும், அல்லது தட்டாது. சொன்னவர் மேல் கோபப்பட வழியில்லை, சொல்லவும் கூச்சப்பட வேண்டியதில்லை. அடுத்தவர் கவிதையைப் பற்றி நேராகப் பேசவும், நம் கவிதையைப் பற்றிக் கேட்டுக்கொள்ளவும் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

குழுவைக் கண்டுபிடிப்பது

மரபுக் கவிதைக்கு இணையத்தில் கூட்டம் சேர்ந்தது நேற்றல்ல. மின்னஞ்சல் குழுமங்கள் இருந்த காலத்திலேயே சந்தவசந்தம் போன்ற இடங்களில் பாட்டு எழுதிப் பகிர்ந்தார்கள், இணையத்திலேயே கவியரங்கமும் நடத்தினார்கள். இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக். "வெண்பா", "மரபுக் கவிதை", "யாப்பு" என்ற சொற்களைப் போட்டு ஃபேஸ்புக்கில் தேடினாலே சில அகப்படும். வாட்ஸ்அப் குழுக்கள் அப்படித் தேடலில் வராது. ஃபேஸ்புக்கில் வெண்பா எழுதுகிறவர் யாரிடமாவது கேட்டால் இணைப்பு அனுப்புவார்.

சேர்ந்ததும் முதல் வாரம் எதையும் போடாதீர்கள். ஃபேஸ்புக், டெலிகிராம் என்றால் மேலே நகர்த்திப் பழைய பேச்சைப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் சேர்வதற்கு முந்தைய பேச்சு பொதுவாகத் தெரியாது, அந்த வாரம் வருவதைப் படியுங்கள். உங்களுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: இங்கே யாராவது யாரையாவது திருத்துகிறார்களா? ஒரு பாட்டுக்குக் கீழே "இரண்டாம் அடியைக் கொஞ்சம் பாருங்கள் ஐயா" என்று ஒருவர் சொல்லி, எழுதியவர் மாற்றி மறுபடி போட்டிருந்தால் அது உயிருள்ள குழு. காலை வணக்கப் படங்களும், ஊர் சுற்றும் மருத்துவக் குறிப்புகளும், நடுவே பிறந்தநாள் வாழ்த்துப் பாக்களும் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் விலகிவிடலாம். உயிருள்ள குழுவிலும் ஒரு நாளைக்கு நூறு செய்தி வரும், அறிவிப்பொலியை அணைத்து வையுங்கள்.

இலக்கணம் எவ்வளவு தேவை?

கொஞ்சம்தான். அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகையை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்கார்ந்தால் வரவே மாட்டீர்கள். இரண்டடிக் குறள் வெண்பா எழுதவும், மற்றவர் குறளைச் சரிபார்க்கவும் இவ்வளவு போதும்:

எழுத்துகள் சேர்ந்து அசை ஆகும். ஒரு குறிலோ ஒரு நெடிலோ தனியாக வந்தாலும், பின்னால் ஒற்று ஒட்டி வந்தாலும் நேர். இரண்டு குறில், அல்லது குறிலும் நெடிலும் சேர்ந்து வந்தால் நிரை. அங்கேயும் ஒற்று ஒட்டலாம். "கல்" நேர், "கா" நேர், "மழை" நிரை, "குடம்" நிரை.

அசைகள் சேர்ந்து சீர். ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் மா (தேமா, புளிமா), நிரையில் முடிந்தால் விளம் (கூவிளம், கருவிளம்). மூவசைச் சீர் நேரில் முடிந்தால் காய், நிரையில் முடிந்தால் கனி. வெண்பாவுக்குள் கனிக்கு இடமே கிடையாது.

சீரும் சீரும் சேரும் இடம் தளை. மாச்சீருக்கு அடுத்து நிரை வரவேண்டும், விளத்துக்கு அடுத்து நேர், காய்க்கு அடுத்தும் நேர். ஓரடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இடத்திலும் இதே கணக்கு. புதியவர்கள் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இந்த அடி மாறும் இடத்தில்தான்.

கடைசி அடிக்கு மூன்று சீர், மற்ற அடிகளுக்கு நான்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில் ஒன்றாக இருக்கவேண்டும். அதாவது ஒரே அசை, அல்லது ஓரசையோடு குற்றியலுகரம் (சொல்லின் கடைசியில் குறுகி ஒலிக்கும் கு, சு, டு, து, பு, று). இரண்டு அடிகளின் முதல் சீரிலும் இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை.

திருக்குறளின் 1330 குறளும் இந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. நாளைக்கு இரண்டு குறளை எடுத்துச் சீர் பிரித்துப் பாருங்கள். பத்து நாளில் கை தானாகப் பிரிக்கும்.

ஒரு குறளை நடத்திப் பார்ப்போம்

விதி சொன்னால் புரியாது. புதிதாக வந்த ஒருவர் இப்படிப் போட்டதாக வைத்துக்கொள்வோம்:

மழைவந்தால் ஊரெல்லாம் மண்வாசம் வீசும்
பழையதோர்குடை தேடுவாள் பாட்டி

படித்ததும் பிடிக்கிறது. மழை, பழைய என்று எதுகை விழுந்திருக்கிறது. மழை, மண் என்று முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் முதல் எழுத்து ஒத்துவந்து மோனை. சரி, இப்போது அலகிடுவோம், அதாவது அசை பிரிப்போம்.

மழை-வந்-தால், நிரை நேர் நேர், புளிமாங்காய். காய்க்கு அடுத்து நேர் வேண்டும். ஊ-ரெல்-லாம், நேரில் தொடங்குகிறது. இது தேமாங்காய். அடுத்து மண்-வா-சம், அதுவும் தேமாங்காய். அடுத்து வீ-சும், தேமா. முதல் அடியில் குறையில்லை. மாவுக்கு அடுத்து நிரை வேண்டும். இரண்டாம் அடி "பழை" என்று நிரையில் தொடங்குவதால் அடி மாறும் இடமும் தப்பித்தது.

அப்புறம்தான் வம்பு. பழை-யதோர்-குடை, நிரை நிரை நிரை. கருவிளங்கனி. கனிச்சீர் வந்துவிட்டது. கடைசியில் பாட்-டி, நேர் நேர். இது தேமா, காசு அல்ல. "டி" குற்றியலுகரம் இல்லையே.

முதல் குறைக்கு மருந்து எளிது. சொல்லைக் கொஞ்சம் சுருக்கி, சேர்க்கும் இடத்தை மாற்றினால் போதும். "பழைய குடைதேடும்" என்று பிரித்தால் பழை-ய புளிமா, குடை-தே-டும் புளிமாங்காய். மாவுக்கு அடுத்து நிரை, பொருந்துகிறது. இரண்டாம் குறைக்குத்தான் யோசிக்க வேண்டும். "பாட்டி" போய் வேறொன்று வரவேண்டும், முந்தையது காய் என்பதால் அது நேரில் தொடங்க வேண்டும். ஒருவர் சொல்கிறார்:

பழைய குடைதேடும் வீடு

வீ-டு, காசு. இலக்கணம் சரியாகிவிட்டது. அதோடு வேறொன்றும் நடந்திருக்கிறது: ஊரெல்லாம் என்று விரிந்த பாட்டு ஒரு வீட்டுக்குள் வந்து நிற்கிறது, வீட்டில் இருக்கிற எல்லோருமே பரணிலும் கதவுக்குப் பின்னாலும் குடையைத் தேடுகிறார்கள். ஆனால் எழுதியவருக்கு மனசு கேட்கவில்லை. "பாட்டிக்காகத்தான் எழுதினேன், அவரையே வெளியே அனுப்பிவிட்டீர்களே" என்கிறார். இன்னொருவர் "கிழவி குடைதேடும் நாள்" என்று தருகிறார். கிழ-வி புளிமா, குடைதேடும் காய், கடைசியில் நாள். எதுகையும் ழகரத்தில் நிற்கிறது. பாட்டி திரும்ப வந்துவிட்டார், ஆனால் கிழவியாகி வந்திருக்கிறார். "பழைய" என்ற சொல்லும் போயிற்று. எது வேண்டும் என்பது இனி எழுதியவர் முடிவு. என்னைக் கேட்டால் வீடு.

இங்கேயே நிறுத்தினாலும் நிறுத்தலாம். நல்ல குழுவில் நிறுத்த மாட்டார்கள். மூன்றாமவர் ஒருவர், "மழை என்றதும் மண்வாசம் எல்லோரும் எழுதியாயிற்று. உங்கள் தெருவில் மழை வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்பார். எழுதியவர் யோசித்து, "எல்லோரும் துணி எடுக்க மாடிக்கு ஓடுவார்கள்" என்பார். "அதைப் போடுங்கள்!" உடனே முதல் அடி மாறும்:

மழைவந்தால் ஊரெல்லாம் மாடிக்கு ஓடும்

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாடிக்கு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம். பின்னால் உயிர் வந்தால் அது நிற்காது, சேர்த்துச் சொன்னால் "மாடிக்கோடும்". நான்கு சீர் மூன்றாகிவிட்டது. ஓடுவதை விட்டுவிட்டு "மாடிக்குப் போகும்" என்றால் சரியாக வருகிறது: மா-டிக்-குப் தேமாங்காய், போ-கும் தேமா.

மழைவந்தால் ஊரெல்லாம் மாடிக்குப் போகும்
பழைய குடைதேடும் வீடு

"ஓடும்" என்பதில் இருந்த வேகம் போய்விட்டது என்று நாலாமவர் குறைப்படுவார். நியாயம்தான். அதற்கும் ஒரு வழி கிடைக்கலாம், நீங்களே முயன்று பாருங்கள்.

மென்பொருளை எந்த அளவு நம்பலாம்?

அவலோகிதம் என்று ஒரு யாப்பு மென்பொருள் இருக்கிறது, இணையத்திலேயே இலவசமாகப் பயன்படுத்தலாம். பாட்டை ஒட்டினால் அசை, சீர், தளை எல்லாம் பிரித்துக் காட்டி, என்ன பா என்றும் சொல்லும். குழுவில் போடுவதற்கு முன் ஒருமுறை அதில் போட்டுப் பார்ப்பது மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. முதலில் கையால் பிரித்துவிட்டு அதன் பிறகு இயந்திரத்தில் சரிபாருங்கள், இல்லாவிட்டால் காது பழகாது. நீங்கள் இடைவெளி விட்டுத் தட்டிய இடத்தில் அது சீரைப் பிரித்துக்கொள்ளும். "மாடிக்கு ஓடும்" போன்ற இடங்களை மனிதக் காதுதான் பிடிக்கவேண்டும்.

பதிவிடும்போது

எழுத்தாகவே போடுங்கள். பூப்படத்தின் மேல் வரிகளை எழுதிப் படமாக அனுப்பினால் யாராலும் ஒரு சீரை எடுத்துக் காட்டிப் பேச முடியாது. சீருக்குச் சீர் ஓர் இடைவெளி, அடிக்கு அடி புது வரி. ஒரு சீரை உடைத்து அடுத்த வரிக்குத் தள்ளாதீர்கள்.

பாட்டுக்கு மேலே ஒரே வரியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். "முதல் முயற்சி, தளை மட்டும் பார்க்கவும்" என்றோ, "இலக்கணம் பார்த்துவிட்டேன், கடைசி அடி பொருளில் ஒட்டுகிறதா?" என்றோ. இந்த ஒரு வரி இருந்தால் வருகிற பதிலின் தரமே மாறிவிடும். பாட்டுக்குக் கீழே விளக்க உரை மட்டும் எழுதாதீர்கள். உரை இல்லாமல் புரியவில்லை என்றால் அதையும் வாசகர் வாயால் கேட்பதுதான் நல்லது.

நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஒன்று போடும் முன் மற்றவர்கள் பாட்டில் மூன்றுக்காவது பதில் எழுதியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் எழுதுவது

உண்மையில் கற்றுக்கொள்வது இங்கேதான். சொந்தப் பாட்டில் கண்ணில் படாத குறை அடுத்தவர் பாட்டில் பளிச்சென்று தெரியும்.

முதலில் எதைக் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். "ஊரில் தொடங்கி வீட்டில் முடித்திருக்கிறீர்கள், அந்தச் சுருக்கம் பிடித்தது" என்பது பாராட்டு. "செம்ம" என்பது ஓசை. அடுத்து, இடத்தைக் குறிப்பிட்டுக் குறையைச் சொல்லுங்கள்: எத்தனையாவது அடி, எந்தச் சீர், என்ன தட்டுகிறது. "சில இடங்களில் தளை தட்டுகிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் எழுதியவர் இரவு முழுக்கத் தேடுவார். ஒரே நேரத்தில் ஒரு குறை போதும். பாட்டில் ஐந்து குறை இருந்தாலும் பெரியதை மட்டும் சொல்லுங்கள், மீதியை அடுத்த வடிவத்தில் பார்க்கலாம்.

மாற்றுச் சொல் தரலாமா? வெண்பாவில் தரலாம், அது அங்கே வழக்கம். ஆனால் முழு அடியையும் நீங்களே எழுதிக் கொடுத்தால் அது உங்கள் பாட்டு. ஒரு சீர் தருவதோடு நிறுத்துங்கள். புதுக்கவிதையில் அதுவும் வேண்டாம். எந்த வரியில் உங்கள் கவனம் நழுவியது, எந்தச் சொல் இல்லாவிட்டாலும் கவிதை நிற்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

வயது, ஊர், வேலை எதுவும் தெரியாதவர்கள் கூடுகிற இடம். ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் கல்லூரி மாணவியும் ஒரே ஈற்றடிக்கு (கடைசி அடிக்கு) எழுதுவார்கள். "ஐயா", "அம்மா", "கவிஞரே" என்று அந்தக் குழுவில் எது புழங்குகிறதோ அதையே பயன்படுத்துங்கள், "நீங்கள்" போட்டுப் பேசுங்கள். முகம் தெரியாதவரை முதல் நாளே "தம்பி" என்றும் "பாப்பா" என்றும் அழைப்பது பாசம் இல்லை. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: கவிதை பற்றிய பேச்சு குழுவிலேயே நடக்கட்டும். அனுமதி கேட்காமல் தனிச்செய்தியில் போய்ப் பாராட்டுவது, குறிப்பாகப் பெண்களிடம், பல நல்ல எழுத்தாளர்களைக் குழுவை விட்டே விரட்டியிருக்கிறது. இதைக் கண்டும் காணாமல் இருக்கிற நிர்வாகி இருந்தால் அந்தக் குழுவும் வேண்டாம்.

உங்கள் பாட்டை ஒருவர் திருத்தினால், முதல் பதில் "நன்றி, பார்க்கிறேன்". பார்த்துவிட்டு அப்புறம் வாதாடுங்கள். அவர் சொன்னது தவறாகவும் இருக்கலாம். அலகிட்டுக் காட்டுங்கள், அவரே ஒப்புக்கொள்வார். கோபத்தில் பதிவை அழித்துவிடாதீர்கள். ஃபேஸ்புக்கில் பதிவை அழித்தால் கீழே மற்றவர்கள் உட்கார்ந்து எழுதிய பதில்களும் சேர்ந்து போய்விடும். "திருத்தியது" என்று போட்டுப் புது வடிவத்தைக் கீழே கொடுங்கள். பின்னால் வருகிற புதியவருக்கு அந்த இரண்டு வடிவமும்தான் பாடம்.

ஈற்றடி விளையாட்டு

பல குழுக்களில் காலையில் ஒரு ஈற்றடி கொடுப்பார்கள், மாலைக்குள் எல்லோரும் அதில் முடியும்படி வெண்பா எழுத வேண்டும். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது காளமேகப் புலவர் கதைகளில் வருகிற அளவுக்குப் பழைய விளையாட்டு. புதியவருக்கு இது வரப்பிரசாதம், ஏனென்றால் எதை எழுதுவது என்ற கவலை இல்லை.

கீழிருந்து மேலே போங்கள். "பழைய குடைதேடும் வீடு" என்று கொடுத்தார்கள் என்றால் இரண்டு விஷயம் உடனே முடிவாகிவிடுகிறது. நாலடி வெண்பாவில், ஈற்றடி நிரையில் தொடங்குவதால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் மாச்சீராக இருக்கவேண்டும். எதுகைக்கு மூன்றாம் அடி ழகரத்தை இரண்டாம் எழுத்தாகக் கொண்டு தொடங்கவேண்டும்: விழுந்து, அழைத்து, எழுந்து, கிழக்கு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நேரிசை வெண்பா என்றால் முதல் இரண்டு அடிகளுக்கு ஓர் எதுகை, இரண்டாம் அடியின் நாலாவது சீர் அதே எதுகையில் தனிச்சொல். அந்தத் தனிச்சொல்லில் வெறுமனே இடத்தை நிரப்பாதீர்கள், பாட்டு திரும்புகிற முனை அதுதான்.

எல்லோரும் முடித்தபின் எல்லாவற்றையும் வரிசையாகப் படியுங்கள். ஒரே ஈற்றடியை ஒருவர் காதலுக்கும், ஒருவர் தேர்தலுக்கும், ஒருவர் வீட்டுக் கடனுக்கும் கொண்டுபோயிருப்பார். அந்தாதியும் இப்படித்தான்: ஒருவர் முடித்த சொல்லில் அடுத்தவர் தொடங்குவார். பதிலையே பாட்டாக எழுதும் பழக்கம் அங்கேதான் வரும்.

சில எச்சரிக்கைகள்

"உங்கள் கவிதை எங்கள் தொகுப்பில் தேர்வாகியிருக்கிறது, இவ்வளவு பணம் அனுப்பினால் நூலும் சான்றிதழும் வரும்" என்று ஒருநாள் செய்தி வரும். போடாத கவிதையே தேர்வாகியிருக்கும். பணம் கேட்கிற தொகுப்பு எதுவாக இருந்தாலும், அது அச்சுச் செலவைப் பங்குபோடுகிற ஏற்பாடு என்பதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதானால் கொடுங்கள், கௌரவம் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். சாதனைப் புத்தகப் பெயர்களோடு வரும் சான்றிதழ்களைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

திருட்டைப் பற்றிய பயம் எல்லோருக்கும் வரும். இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை எழுதியவருடையது. பதிவுசெய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது அவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். யாராவது உங்கள் பாட்டைத் தன் பெயரில் போட்டால், நீங்கள் முதலில் பதிவிட்ட தேதி தெரிகிற படத்தைக் குழுவில் காட்டுங்கள். பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். அதேபோல், அடுத்தவர் பாட்டை வேறு குழுவுக்கு அனுப்பும்போது பெயரை வெட்டிவிடாதீர்கள்.

இதழ்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல இதழ்கள் எங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன, சமூக ஊடகத்தில் போட்டதையும் வெளிவந்ததாகக் கணக்கிடும் இடங்கள் உண்டு. அனுப்ப நினைப்பதைப் பொதுவெளியில் போடாமல், சிறிய மூடிய குழுவில் இரண்டு மூன்று பேரிடம் மட்டும் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எழுதியதற்கெல்லாம் உங்களிடம் ஒரு படி இருக்கட்டும். யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றிலும் மூடப்பட்டன. படி எடுத்து வைக்காதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே எழுதிப் பேசியதைத் திரும்பப் பெறவே முடியவில்லை. வாட்ஸ்அப்பிலோ காப்பு எடுக்காவிட்டால் கைபேசி மாறும்போது போய்விடும். ஒரு கோப்பில் தேதி, ஈற்றடி, முதல் வடிவம், திருத்திய வடிவம், திருத்தம் சொன்னவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் மாதம் ஒருமுறை அனுப்பிக்கொண்டால் போதும்.